இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

எழிலரசி என்ற பெயரில்
அரசியைக் கழித்துவிட்டு
எழில்02 என்று கணினியில் சேர்த்திருந்தார்கள்.
01 யாரென்று கேட்டேன்.
வேலையை விட்டுப் போன பெண்ணாம்.
அவளும் எழில்தான்.

ஆற்காடு ரோட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
கீழே லாட்ஜ், பலகையில் வங்காள எழுத்து.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான்.
ஏசி சர்வருக்கு.
எனக்கு ஒரு மேசை விசிறி, அதுவும்
தலையில் தட்டினால்தான் சுற்றும்.

முதல் நாளே சொன்னார் இருதயராஜ்,
"சூடோ போடாதே. உனக்கு அது இல்லை."
கத்திரி வெயிலில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு
சூடு எனக்கில்லை என்கிறாரே என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகொரு நாள், இரவு இரண்டு பத்து.
பிரிண்டர் வரிசையில் பதினேழு ரிப்போர்ட்
அடைத்துக்கொண்டு கிடக்கிறது.
மால்டாவிலிருந்து வந்தவர்
மகனின் பிளேட்லெட் எண்ணுக்காக நிற்கிறார்.
அவர் இந்தி எனக்குப் பாதி புரியும்,
என் இந்தி அவருக்குக் கால்.
எண் என் திரையில் இருக்கிறது.
தாளில் வந்தால்தான் வார்டில் வாங்குவார்கள்.
ஒரே ஒரு வரி, எனக்குத் தெரியும்:
அச்சுச் சேவையை நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும்.
இருதயராஜ் திருப்பத்தூரில், மாமனார் வீட்டில்.
போன் அணைந்திருக்கிறது.

அடித்தேன்.
கடவுச்சொல் கேட்டது.
அடிக்க அடிக்கத் திரையில் ஒன்றும் விழவில்லை,
ஒரு புள்ளிகூட.
பாலாற்றில் கல் எறிவது போல,
தண்ணீர் இருந்தால்தானே சத்தம்.
பிறகு சொன்னது:
எழில்02 அனுமதிக் கோப்பில் இல்லை.
இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

யாரிடம்?

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பட்டியல் உண்டு.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, அதிகாரமில்லாத போலீஸ்.
பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள்,
அதை நான் சொல்லப்போவதில்லை.
இந்தப் பெட்டிக்குள் மட்டும் ரூட் என்று
ஒரு ராஜா இருக்கிறாராம்.
எல்லாப் புகாரும் அவருக்குப் போகுமாம்.

அன்றைக்கு லெட்டர்பேடில் கையால் எழுதினேன்:
பிளேட்லெட் நாற்பத்தோராயிரம்.
டெக்னீஷியன் துரைக்கண்ணுவை எழுப்பிக்
கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.
வார்டில் திட்டியிருப்பார்கள்.
ஏற்றுக்கொண்டும் இருப்பார்கள்,
அவர் திரும்பி வரவில்லை.

ஆடியில் இருதயராஜ் ஓசூருக்கு வேலை மாறிப் போனார்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ரூட்டின் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தார்.
எனக்குச் சம்பளம் எண்ணூறு ரூபாய் கூடியது.

ராஜாவாக உள்ளே நுழைந்ததும் முதல் வரி:
உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது.
திறந்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
தேதி, நேரம், எந்த முனையம், என்ன வரி,
எல்லாம் என்னைப் பற்றி.
இரண்டு பத்து. இரண்டு பதினொன்று.
இரண்டு பதினொன்று மறுபடியும்.
மூன்று தடவை முயன்றது எனக்கே மறந்துவிட்டது.
மேலே போகப் போக இன்னும் பழையவை.
ஒன்றாம் எண் கடிதம் என்னுடையதல்ல.
எழில்01.
ஏதோ ஒரு பொங்கல் இரவு, நாலு மணி,
அதே பிரிண்டர், அதே வரி.
ஒன்றைக்கூட யாரும் படித்திருக்கவில்லை.

புது இரவுப் பையன் தஸ்தகீர், மேல்விஷாரம்.
அவனுக்காக அனுமதிக் கோப்பைத் திறந்தேன்.
ஒரு குறி தப்பினால்
திறந்தவளையும் சேர்த்து வெளியே தள்ளிப் பூட்டிவிடும் கோப்பு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி எழுதினேன்:
தஸ்தகீர். இந்த இயந்திரத்தில்.
அச்சுச் சேவையை எழுப்பலாம், அது மட்டும்.
கடவுச்சொல் கேட்க வேண்டாம்.
சேமித்தேன்.
வெளியே வந்து எழில்02 ஆகவே மறுபடி நுழைந்தேன்.
ராஜாவாக உட்கார்ந்தால்
சும்மா ஒரு கோப்பை நகர்த்தக்கூடக் கை நடுங்குகிறது.

நேற்று இரவு ஒன்றரைக்குப் பிரிண்டர் நின்றிருக்கிறது.
ஒன்று முப்பத்தொன்றுக்கு ஓடியிருக்கிறது.
பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடினானே,
சொல்லவே இல்லை.