பின்கதவு

நாரின் ஆற்றுக்கு மேலே
பழைய கம்பளிக் கிடங்கை எங்களுக்கே விட்டுவிட்டார்கள்
பாதிக் கூரையோடு.

மேசைமேல் மாவைத் தூவி
விரலால் சுவர் எழுப்புகிறாள் புருல்சுன்.
இது முதுகுவலிக்காரர்களுக்கு.
இது பிள்ளை பெற்றவர்கள் வந்து உட்கார.
இது வெந்நீர்.

நான் பொருளாளர். என் நோட்டில்
நாற்பது செம்மறி, ஒரு பசு,
பிஷ்கெக்கிலிருந்து வருவதாகச் சொன்ன பணம்.
அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

லாபம் யாருக்கு என்கிறார் டிராக்டர் இஸ்மான்குல்.
யாருக்குமில்லை.
சந்தேகமாய்ப் பார்க்கிறார்.
குதிரைகளை எங்கே கட்டுவது என்று
ஒரு மணி நேரம் சண்டை.

பேசுவதற்கு ஓர் அறை என்றாள் நர்ஸ் அனார்குல்.
சிரித்தார்கள்.
பேசக்கூடவா அறை வேண்டும்?

மேதெர்பெக் எழுந்து வந்தார்.
போன பனிக்காலம் கயிற்றோடு லாயத்துக்குப் போனவர்,
நாய் விடாமல் குரைத்ததால் திரும்பியவர்.
எல்லோருக்கும் தெரியும்,
யாருக்கும் தெரியாது.

அந்த அறையின் பின்சுவரில்
கட்டைவிரலால் மாவை விலக்கினார்.
"ஆற்றுப்பக்கமா இருக்கட்டும்.
தெருவிலிருந்து தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை.
தேநீர் வந்தது, மேசையைத் துடைத்தோம்,
சுவரெல்லாம் புருல்சுனின் முந்தானையில் போயிற்று.

நோட்டைத் திறந்து
கதவு, ஒன்று என்று எழுதினேன்
பேனாவால்.