ஒன்று புள்ளி எட்டு ஐந்து

எண்பது மீட்டர் உயரத்தில்
என் மணிக்கட்டுப் பருமனுள்ள போல்ட்டுகளை
முறுக்குவிசை பார்த்து இறுக்குவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
பணகுடிக் கணவாயில் ஆடிக் காற்று
காற்றாலையின் தண்டையே அசைக்கும்.
நான் இறுக்கியது அசைந்ததில்லை.

அதனால்தான்
ஒரு சைக்கிளின் பல்சக்கர அடுக்கு
விரல் பட்டு ஆடியபோது
அவ்வளவு கோபம்.

என் பழைய பின்சக்கரம்
வள்ளியூர் தாண்டி ஒரு குழியில் போனது.
கோட்டம் எடுத்துத் தீராது என்றார்கள்.
இது ஞானதுரையின் சக்கரம்.
களக்காட்டு வாழைத்தோட்டத்தைப் பங்கு வைத்த வருஷம்
என் சாமான்களோடு வேனில் ஏறிவிட்டது.
அவன் கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

ஹப்பின் உடம்பில் வரிவரியாய்ப் பள்ளங்கள்,
ஒன்று மட்டும் அகலம் வேறு.
அதைக் கண்டுபிடித்தால்
கேசட் தானாக இறங்கும், தப்பாகப் போட வழியே கிடையாது
என்றுதான் நினைத்திருந்தேன்.
பெரிய தட்டுகள், உதிரித் தட்டுகள்,
கடைசியில் பதினொரு பல்,
மேலே பூட்டுவளையம்.
நாற்பது போதும் என்று அதிலேயே பொறித்திருக்கிறது.
ஐம்பது வைத்தேன்.
டக், டக்.
பத்துத் தட்டும் சேர்ந்து ஆடின.

"இறுகுதது சரிதான் மேடம்,
எதுல போய் முட்டுதுன்னு பாத்தீயளா?"
ஷிப்டு மாற வந்த இசக்கியப்பன்
சாப்பாட்டு வாளியைக் கீழேகூட வைக்காமல்
கேட்டுவிட்டுப் போனான்.

பார்த்தேன்.
வளையம் ஹப்பின் விளிம்பில் முட்டி நின்றது.
கேசட்டை அது தொடவே இல்லை.

நாலு வருஷம் கழித்து அந்த எண்ணை அழுத்தினேன்.

"லாக்ரிங் இறுகுது, கேசட் ஆடுது, அதானே?"
"ஆமா."
"அது பதினோரு ஸ்பீடு ஹப்புல்லா. ஒன்னுது பத்து.
அடியில, கம்பிப் பக்கம், ஒரு வளையம் போடணும்,
ஒன்னு புள்ளி எட்டு அஞ்சு.
அதுக்கு மேல ஒரு மில்லி வளையம்,
கேசட் டப்பாவுலயே வந்திருக்கும். தூரப் போட்டியா?"
"போட்டுட்டேன்."
"போடுவ."

மழை உண்டா, குலை தள்ளிற்றா,
ஒன்றும் இல்லை.
ஐம்பத்திரண்டு விநாடி என்றது திரை.

ஞாயிற்றுக்கிழமை
வண்ணார்பேட்டையில் இறங்கி
முருகன்குறிச்சிக்கு நடந்தேன்.
மீராசா வெர்னியரைப் பிடித்து இரண்டு முறை அளந்தார்.
மூன்றாவது முறையும் அளந்தார்.
"கண்ணுக்கு எல்லாம் ஒன்னுபோலத்தான் தெரியும்" என்று
மாத்திரைக் கவரில் போட்டுத் தந்தார் இரண்டையும்.

திரும்பும் பேருந்தில் எடுத்துப் பார்த்தேன்.
தடித்தது, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் கூட.
மற்றது அதுவும் இல்லை.
பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்த்தாள்:
"பச்சப்பிள்ளைக்குக் காப்பா? வெள்ளியா?"
அலுமினியம் என்றேன்.
நாங்குனேரி வரை என்னோடு பேசவில்லை.

இரவு, குவார்ட்டர்ஸ் வராந்தா.
முதலில் தடித்த வளையம், பிறகு மெல்லியது,
பிறகு அகலம் மாறிய அந்தப் பள்ளத்தைத் தேடி
தட்டுகள் ஒவ்வொன்றாக.
பூட்டுவளையம் திரும்பும்போது
கரகரவென்று பல் எண்ணிக்கொண்டு போனது.
நாற்பதில் நிறுத்தினேன்.
நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

விரலால் தள்ளினேன்.
கையால்.
கீழே உட்கார்ந்து முழங்காலை ஊன்றியும் தள்ளினேன்.

ஆடவில்லை.

சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டேன்.
வெளியே முந்நூறு காற்றாலைகள் இரைகிற சத்தத்துக்கு நடுவே
இது தன்பாட்டுக்கு
டிக்டிக்டிக்டிக் என்று ஓடியது.
பதினொரு விநாடி பதிவுசெய்து
அவனுக்கு அனுப்பினேன், ஒரு சொல்லும் சேர்க்காமல்.

இரண்டு குறியும் நீலமாயின.
வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தான்.
அழித்தான்.
மறுபடி எழுதினான்.

"கிரீஸ் வச்சியா?"

வைக்கவில்லை.
வளையத்தைக் கழற்ற ஆரம்பித்தேன்.