ஐந்நூற்றெண்பது கிராம்

ஆண்டவரே,
இது காலைச் செபமல்ல. விடிய நாலரை.
முழந்தாளில் நிற்க இடமில்லை இங்கே,
துடைப்பத்தடியில் சாய்ந்து நின்றுதான் சொல்கிறேன்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. குறைமாதப் பிள்ளைகளின் அறை.
ஏழாம் பெட்டி.
கண்ணாடிக்குள் ஒரு பெண்பிள்ளை,
ஐந்நூற்றெண்பது கிராம்.
நேற்றுக் கடையில் வாங்கிய சீனிப் பையை நினைத்தேன்,
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
உள்ளங்கால் என் கட்டைவிரலிலும் சிறிசு.
தோலுக்குள்ளால் நீல நரம்பு தெரிந்தது,
வாவித் தண்ணீருக்குள் பாசி ஓடுகிற மாதிரி.

அட்டையில் பெயரில்லை.
‘றிஸ்வியாவின் பிள்ளை’ என்று மட்டும்.

டொக்டர் இரண்டு தரம் வந்தார்.
மூன்றாந்தரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
அந்த நிற்பை எனக்குத் தெரியும்.

மனுசருக்கு விலை எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று
வாதாடுகிறவர்களோடு பேச எனக்குப் படிப்பில்லை.
தரை துடைக்கிறவள்.
கையுறை போட்ட சுண்டுவிரலை உள்ளே நீட்டினேன்,
பிடித்தாள்.
பிடியில் பலம் இருந்தது.
அவ்வளவுதான் என் படிப்பு.

பிறகுதான் குழாயைத் திறந்தேன்.
சாவு நெருங்கினால் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாமென்று
மறைக்கல்வி வகுப்பில் கேட்டது
நாற்பத்தைந்து வருடமாய் உள்ளே கிடந்தது.
உள்ளங்கை நிறையத் தண்ணீர்.
ஒரு துளி போதும், ஆரும் காணமாட்டார்கள்.

ஆரும் காணாமல் ஒருத்திக்குக் கொடுப்பது
கொடுப்பதா, எடுப்பதா?
கேட்டது நீரோ, என் பயமோ, எனக்குத் தெரியாது.
கை நடுங்கிப் பாதித் தண்ணீர் செருப்பில் ஊற்றிற்று.
மிச்சத்தை என் நெற்றியில் தடவிக்கொண்டு
விறாந்தைக்கு ஓடினேன்.

அங்கே சாரனை இழுத்துப் போர்த்தபடி
தகப்பன் நித்திரை. ஏறாவூரில் ஓட்டோ ஓடுகிறவர்.
“தம்பி, ஒழும்புங்க. புள்ளைக்கு நீங்க வேணும்.”
நான் சொன்னதிலும் அதிக நேரம்
முழங்கை வரைக்கும் கழுவினார்.
பெட்டியின் சின்னக் கதவை நான் பிடித்திருக்க,
குனிந்து, வலது காதில்,
மூச்சளவு சத்தத்தில் பாங்கு சொன்னார்.
நடுவில் குரல் உடைந்தது.
முதலிலிருந்து மறுகாச் சொன்னார்.
என் பைக்குள் விரல்கள் செபமாலையைத் தேடி
எந்த மணியில் நின்றனவோ,
அவர் முடித்த இடத்தில் நானும் முடித்தேன்.

நாலு பத்துக்குப் போனாள்.

“பெயர் கட்டாயமில்ல அக்கா,” என்றாள் தாதி.
புதுப்பிள்ளை, கெட்டவளல்ல.
“கட்டாயம் இல்லாட்டியும் எழுதுங்க,” என்றேன்.
தகப்பன் சுவரைப் பார்த்தபடி
“நுஹா,” என்றார்.
தாதி எழுத்துக்கூட்டிக் கேட்டாள்.
அவர் திரும்பச் சொன்னார், கொஞ்சம் பலத்து.

இனித்தான், ஆண்டவரே, நான் சொல்ல வந்தது.
தொண்ணூற்றெட்டில், ஊரடங்கு இரவொன்றில்,
இதே ஆஸ்பத்திரியின் பழைய பக்கத்தில்
வேறொன்றை என் கையில் தந்தார்கள்,
பேசினில், பத்திரிகையால் மூடி.
நிறுக்கவில்லை.
ஆணா பெண்ணா என்று நான் கேட்கவுமில்லை.
நடந்து போகையில் பத்திரிகை ஒருதரம் அசைந்தது.
காற்று என்று நினைத்தேன்.
ஜன்னலெல்லாம் பூட்டியிருந்தது, ஆண்டவரே.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன்,
கோபம், பொய், பூசைக்குப் போகாதது.
இதைச் சொல்லவில்லை.
எந்தக் கட்டளையில் வருமென்று தெரியாததால் என்று
எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.

வேலை முடிய, வீட்டுக்குப் போகாமல்
புளியந்தீவுக் கோவிலடிக்குப் போவேன்.
பூசைக் கருத்துக் கொப்பியில் எழுதுவேன்: நுஹா.
“எந்தக் குடும்பம்?” என்று கேட்பார்கள்.
பேனாவை உடனே கொடுக்கமாட்டேன்.
அதற்குக் கீழே ஒரு வரி வெறுமையாய் விடுவேன்.
அங்கே இருக்கிற பெயரை
நீர்தான் வாசிக்க வேண்டும்.

இப்போது ஏழாம் பெட்டியைத் துடைக்கிறேன்,
மூலை மூலையாக, ஸ்பிரிட் போட்டு.
ஆறு மணிக்கு வாழைச்சேனையிலிருந்து
இன்னொன்று வருகிறதாம்.
நிறை இன்னும் தெரியாது.