பீட்ரூட்

இயந்திரம் கொடைக்கானலில்
மூடிப்போன சீஸ் கடையிலிருந்து வந்தது.
பேரம் பேசி இரண்டாயிரத்து நானூறு.
இன்னும் அதன் வாயில் பால் புளித்த வாசம்.
கேரட் காசில் வாங்கினேன்,
மிச்சமிருந்த கேரட்.

குழந்தைவேல் சாக்கை இறக்கியபோது மணி இரண்டு.
ஒன்றும் சொல்லவில்லை.
கிளட்ச் கம்பியைக் கழுவித் துடைத்து
வண்டியின் சீட்டுக்கடியில் சுருட்டி வைத்தான்.
ஸ்வெட்டரைக் கழற்றாமலே தூங்கிப்போனான்.
மற்றது என் வேலை.

சூடு ஆறாத கறியைப் பையில் போடக்கூடாது.
தட்டில் பரப்பி
அரைமணி ஃப்ரீசரில் விறைக்கவிட வேண்டும்.
இல்லையென்றால் இயந்திரம்
காற்றோடு ரத்தத்தையும் இழுத்துக் குடித்துச்
சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும்.
எலும்பு நுனி பையைக் குத்தும்.
வெந்நீரில் அலசிய பனியன் துணியை
நாலாய் மடித்து ஒரு தொப்பி போடுவேன்.
பையின் வாயோரம் துளி கொழுப்புப் பட்டாலும் போச்சு:
ஒட்டியதுபோல் காட்டும்.
மூன்றாம் நாள் மெல்ல மூச்சு விடும்.

பொத்தானை அழுத்தினால்
கிழட்டு நாயின் உறுமல்.
பை சுருங்கிச் சுருங்கிக்
கறியின் மேல் தோலாகிறது.
வாசலில் உரித்துப் போட்டதை
அடுப்படியில் மறுபடி மாட்டிவிடுகிறேன்,
உள்ளே இருப்பது தெரிகிற தோலாக.

தொடை எட்டுப் பை. விலா ஆறு.
ஈரல் காலைக்கு.
அடிவயிற்றைக் கீறும்போதுதான் பார்த்தேன்,
பால்.
கத்தியின் பக்கவாட்டில் வெள்ளையாய் வழிந்து
ரத்தத்தோடு சேராமல்
கொஞ்ச நேரம் தனியாக நின்றது.
பூண்டுப் பாத்திகளுக்கு மேலே
எந்தப் புதருக்குள்ளோ
முதுகில் கோடு போட்டவை,
எத்தனையோ.
அவனை எழுப்பவில்லை.
கத்தியைக் கழுவினேன். எல்லாவற்றையும்விட
அது சுலபமாகக் கழுவுப்பட்டது.

பெயர் எழுத வேண்டும். தேதி எழுத வேண்டும்.
பெயரில்லாத பை
ஆறு மாதத்தில் வெறும் கல்.
என்ன பெயர் எழுதுவது?
வனக்காவலர் லூர்துசாமி வீடு
இங்கிருந்து நாலாவது தகரக் கூரை.
மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு
யோசித்தேன்.
பீட்ரூட், ஜூலை 14.
நிறம் பொருந்தியது.

மூன்றாம் நாள் மழையில்
ஊருக்கே கரண்ட் இல்லை.
குடையை மடக்காமல் ஸ்டெல்லா வந்தாள்,
லூர்துசாமியின் ஸ்டெல்லா.
கையில் வத்தலக்குண்டு ஜிலேபி கெண்டை, ஐந்து கிலோ.
"உங்க வீட்டுலதான் இன்வெர்ட்டர் இருக்கே,
ரெண்டு நாள் வச்சுக்கக்கா."
நான் எழுவதற்குள்
அவளே ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள்.

ஒரு பையை எடுத்தாள்.
வாசித்தாள். திருப்பினாள்.
பிளாஸ்டிக்குக்கு அடியில்
ஒற்றைக் கருமுடி
வளைந்து அழுந்திக் கிடந்தது,
யாரோ போட்ட கையெழுத்துபோல.
கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். போகவில்லை.
மழை தகரத்தில் கல்லாய்க் கொட்டியது.

"நாங்க பூசணின்னு எழுதுவோம்" என்றாள்.
"பீட்ரூட் பரவாயில்ல."

அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும்.
மீனை அலசித் துடைத்து
எட்டுப் பையாக ஒட்டினோம்.
துடுப்பு குத்தும் என்றேன்.
கேட்காமலே பனியன் துணியை எடுத்து
மடித்தாள். எனக்கும் மேலாக மடித்தாள்.
எங்கே பழகினாய் என்று கேட்கவில்லை.

இரவு கரண்ட் வந்தது.
ஃப்ரீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்க,
அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று.
வயலில் ஈரமண்ணைக் கிளறும் ஓசை.
பெரியதாக இல்லை.
சின்னச் சின்ன மூக்குகளாக.
குழந்தைவேல் புரண்டு படுத்தான்.

நான் எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்து
ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்தேன்.
இறுக்கம். இறுக்கம். இறுக்கம்.
ஒன்று மட்டும் மூச்சு விட்டிருந்தது.
உள்ளே வெண்பனி பூத்து,
எழுத்து தெரியவில்லை.

அதை எடுத்து வெளியே வைத்தேன்.
காலையில் குழம்பு.