ஐஸ் ஃபேக்டரியில் பதினோரு நிமிடம்

பூட்ஸைப் போட்டுப் பார்க்கக்
குளிர் வேண்டியிருந்தது.
செப்டம்பர் ராயபுரத்தில் குளிருக்கு எங்கே போவது.
காசிமேட்டுக் கன்னியப்பன்
ஐஸ் ஃபேக்டரியின் பின்கதவைத் திறந்துவிட்டான்.
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, கம்பளிச் சட்டை,
அதன்மேல் மச்சினன் செல்வின் அனுப்பிய ஜாக்கெட்.
அடுக்கிய பாளங்களுக்கு நடுவே
கப்பலேறத் தவறிய பார்சல் மாதிரி நின்றேன்.
பதினோராவது நிமிடம்
மூக்கு இருக்கும் இடம் மறந்துபோனது.
கால் மட்டும் சூடாக இருந்தது.
"பூட்ஸு பாஸு, ஆளு ஃபெயிலு" என்றான் கன்னியப்பன்,
மடித்துக்கட்டிய லுங்கியில்,
வெறுங்காலில்,
காதில் செருகிய பீடியோடு.

எங்கே பயணம் என்றவர்களிடம்
மூஸ் வேட்டைக்கு என்றேன்.
"மவுஸா? அதுக்குக் கனடா வரிக்கும் போவணுமா,
எங்கூட்டுப் பரண்ல ஏழு கீது."
படம் காட்டினேன்.
இரண்டு முறங்களைத் தலையில் கட்டிக்கொண்டு
சதுப்பில் நிற்கிறது.
எடை என்ன என்றார்கள்.
ஒரு ஷேர் ஆட்டோ.
"ஜனத்தோடயா, ஜனம் இல்லாமயா?"
அது எனக்கும் தெரியவில்லை.

வழிகாட்டி லெஸ்லி எழுதுகிறார்:
பருத்தி வேண்டாம், நனைந்தால் ஆளைக் கொல்லும்.
ஆரஞ்சு உடுப்பு கட்டாயம்.
பேசாமல், அசையாமல் ஆறு மணிநேரம்
உன்னால் உட்கார முடியுமா?
ஹார்பரில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவனிடம்
ஆரஞ்சைப் பற்றியும்
உட்காருவதைப் பற்றியும் கேட்கிறார்.
சிரித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தேன்.
உன் வாசனைதான் முதலில் அதை எட்டும்.

வாசனையில்லாத சோப்பு, எட்டு நாளாய்.
ஜெசிந்தா கழுத்தருகே முகர்ந்து சொன்னாள்:
"இன்னும் மணலி வீசுது."

துப்பாக்கி அங்கே வாடகைக்கு.
இங்கே மொட்டைமாடியில்
மூன்று மூங்கில் கழிகளின் முடிச்சில்
முக்கால் இஞ்ச் பிவிசி குழாய்.
விசைக்குத் துணி கிளிப் ஒட்டியிருக்கிறேன்.
குறி, அந்தோணிப்பிள்ளை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி,
அதில் கம்பெனிப் பெயரின் நடு எழுத்து.
மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி,
கிளிப்பை அழுத்து.
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை கொன்றாயிற்று
அந்த எழுத்தை.

"சுட்டுட்டு?"
நாலாக வெட்டி முதுகில் சுமந்து வரணும்.
"கறி?"
கஸ்டம்ஸில் விடமாட்டான். அங்கேயே குடுத்துடணும்.
"அப்ப என்னாத்துக்கு?"
சங்கராவின் செவுளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.
கேட்டுவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.
என்னிடமிருந்த பட்டியலை இன்னொரு முறை படித்தேன்.
டார்ச். தீப்பெட்டி. கொப்புளத்துக்கு பிளாஸ்திரி.
விரல் மறைக்காத கையுறை.
இல்லை, அதில் இல்லை.

நேற்று லெஸ்லி ஒரு குரல் அனுப்பினார்.
பெட்டை, கடாவைக் கூப்பிடும் குரல்.
கூப்பிடுவது என் வேலை, நீ கேட்டுப் பழகு என்றார்.
ஆனால் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.
போன வருட காலண்டர் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி
ராத்திரி ஒன்றரைக்கு மாடிக்குப் போனேன்.
கண்டெய்னர் லாரிகள் வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தன.
அடிவயிற்றிலிருந்து இழுத்து,
கடைசியில் உடையவிட்டு,
ஒருமுறை.

பதில் வந்தது.
ரயில்வே மதிலோரம், போஸ்டர் தின்றுகொண்டிருந்த
பால்கார சொக்கம்மாவின் செவலை
நிமிர்ந்து கத்தியது.
இன்னொரு முறை அழைத்தேன்.
வந்தது.
வாகனம் பார்க்காமல் ரோட்டைக் கடந்து
நேராக எங்கள் வாசலுக்கு வந்து
அண்ணாந்து நின்றது.
காதுகள் இரண்டும் என் பக்கம்.

என் கை, நான் சொல்லாமலே,
குழாயைத் தேடிப் போனது.

கீழே தாழ்ப்பாள் ஓசை.
"யாரு இந்நேரத்துல மாட்டக் கெளப்பினது"
என்று ஜெசிந்தா
பழைய சோற்றோடு வெளியே வந்தாள்.
மாடு அவள் பக்கம் திரும்பி
விலாவைக் காட்டியது.
ஐம்பதடி. காற்று எனக்குச் சாதகம்.
பாதி விட்ட மூச்சை
இன்னும் நிறுத்தியே வைத்திருந்தேன்.