நான்காவது தையல்

விடிகாலையில் புளியந்தோப்பு.
ஆட்டுக்குடல் மூன்று கிலோ, வெட்டாமல், முழு நீளம்.
"வறுவலா, குழம்பா?" என்றார் காதர் மொய்தீன் முதல் நாள்.
"படிக்க" என்றேன்.
சிரித்தவர்தான், இப்போது கேட்காமலே
கொழுப்பை வழித்துத் தருகிறார்.
29சி-யில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி.

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி, ஸ்கில்ஸ் லேப்.
பொம்மைகளைத் துடைப்பது, ரப்பர் தோல் மாற்றுவது,
ரத்தம் காய்ச்சுவது என் வேலை:
சோளமாவு, வெந்நீர், கேசரிப் பவுடர்.
அளவு என் கைக்குத்தான் தெரியும்.

புரொபசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால்
திரைக்குப் பின்னால் நான் குழாயை முழுக்கத் திறக்க வேண்டும்.
தமனி பீய்ச்சும். பிள்ளைகள் அலறுவார்கள்.
கிளாம்ப் நழுவும்.
"ஐயோ டாக்டர், வலிக்குதே" என்று
பொம்மைக்காகக் கத்துவதும் நானே.
பதினோராம் நிமிடம் செத்துப்போகும்.
டீ வருவதற்குள் துடைத்து உயிர்ப்பித்துவிடுவேன்.

டாக்டர் ஷிரீன் அந்த வருஷத்துப் பெண்.
பெட்டிக்குள் இரண்டு குச்சி விட்டு
திரையைப் பார்த்தபடி
கொண்டைக்கடலையைக் கிண்ணம் மாற்றும் பயிற்சி:
கை இடம் போனால் நுனி வலம் போகும்.
முதல் வாரம் நாற்பது கடலை பெருக்கினேன்.
அப்புறம் பார்த்த இடமெல்லாம் முடிச்சு,
குழாயில், ஜன்னல் கொக்கியில்,
என் டிபன் பையின் காதில்கூட.
வீட்டில் அவிழ்க்க முடியாமல் கத்தரித்தாள் என் மனைவி.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம்
அலமாரிக் கண்ணாடி உடைந்து
என் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை.
என் கலவையைவிடக் கொஞ்சம் கறுப்பு
என்றுதான் முதலில் தோன்றியது.

கேஷுவல்டியில் ஷிரீன்தான் டூட்டி.
ரப்பரில் நாலு நிமிடத்தில் பத்துத் தையல் போடும் கை.
மரப்பு ஊசி குத்தியதும் நான் மூச்சை இழுத்தேன்.
அவள் நிறுத்திவிட்டாள்.
பொம்மைகள் மூச்சை இழுப்பதில்லை.
"வலிக்குதாண்ணே?"
மூன்று வருஷமாகக் கத்திய தொண்டை,
அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

நான்காவது தையல் தளர்ந்தது.
இருவருமே பார்த்தோம்.
லேபில் என்றால் சத்தமில்லாமல் வெட்டி எறிந்திருப்பாள்.
"பிரிச்சுத் திரும்பப் போடலாமா?"
அந்த மாடியில் யாரும் யாரிடமும் கேட்டிராத கேள்வி.
தலையாட்டினேன்.
வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று
தண்ணீரில் நின்றுபோய் உறுமிக்கொண்டிருந்தது.

இப்போது காய்ச்சும்போது
ஒரு சிட்டிகை காப்பித்தூள் சேர்க்கிறேன்.

போன திங்கட்கிழமை, பொம்மை மேல் கத்தியை வைக்கப் போனவள்
குனிந்து, "கொஞ்சம் சுருக்குனு இருக்கும்" என்றாள்.
பையன்கள் சிரித்தார்கள்.
புரொபசர் கண்ணாடி நெற்றிக்குப் போகவில்லை.
குழாயில் கட்டுப்போட்ட கையோடு
திரைக்குப் பின்னாலிருந்து
"சரிம்மா" என்றேன்.
பாடத்தில் அப்படி ஒரு வரி இல்லை.