கீழ்ச் சிலிண்டர்

அணை நிறைஞ்சா எங்க பாலம் தண்ணிக்குள்ள போயிரும்.
கைப்பிடிச் சுவரு கடைசியா மறையும்.
மறுநாள் வெடியால நான் படகை எறக்குவேன்.
காந்தவயலுக்கும் லிங்காபுரத்துக்கும் நடுவுல
பன்னெண்டு நிமிஷம்.
வாழைத்தாரு, பால்கேன், பள்ளிக்கூடப் பைக,
ஒருக்கா ஒரு கண்ணாலப் பொண்ணு,
பட்டுச்சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடிச்சுட்டு.

ஐப்பசி மூணாம் வாரம் இஞ்சின் இருமுச்சு.
பாரம்னு நெனச்சேன்.
"ரெண்டு தாரை அடுத்த நடைக்கு வைங்க"ன்னு
பொங்கியண்ணங்கிட்டச் சொன்னேன்.
மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

அப்பறம் ஒரு நாள் நடுத்தண்ணியில நின்னேபோச்சு,
சரியா பாலத்துக்கு மேல.
ரெண்டாள் ஆழத்துல தார்ரோடு,
அதுல வெள்ளைக்கோடுகூட இருக்கும்.
துடுப்புப் போட்டுக் கரை சேந்தோம்.
யாரும் ஒண்ணும் பேசலை. அதுதான் தாங்கலை.

மூடியைக் கழட்டி ரெண்டு பிளக்கையும் வெளிய எடுத்தேன்.
மேல் சிலிண்டரோடது வர்க்கி நெறம்,
நல்லா எரிஞ்ச நெறம்.
கீழோடது
கருப்பு, ஈரம், எண்ணெய்ச்சட்டி அடியாட்டம்.
எத்தனை நாளா ஒத்தை நெஞ்சுல ஓடிட்டிருந்துதோ.
பாவம் பொங்கியண்ணன்.

மேட்டுப்பாளையத்துல மூசா பாய் கடை.
பழைய பிளக்கைச் சட்டைப்பையில போட்டுட்டுப் போனேன்,
கறை இன்னும் போகலை.
கண்ணாடிப் பெட்டி மேல நாலு பிளக்கை நிறுத்தினாரு.
ஒரே வெள்ளைப் பீங்கான், ஒரே ஆறுபட்டை இடுப்பு.
"இது பழைய காருக்குப் போடறது. உங்களுதுலயும் ஏறும்.
வெலையும் கம்மி."
ஏறும்தான்.
மரை மட்டும் ஆறு மில்லி நீளம்.
உள்ள நீட்டின மூக்கு
மேல வர்ற பிஸ்டன்ல போய் முட்டும்.
பேருக்கு நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம்,
அந்த ஒரு எழுத்தை
அவரு கண்ணாடியை நானும் அவருமா
மாத்தி மாத்திப் போட்டுப் படிச்சோம்.

சரியானது கையிருப்புல ஒண்ணுதான் இருந்துச்சு.
இன்னொண்ணு கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸுல வரணும்.
"கருத்ததை மட்டும் மாத்துங்களே."
ஒரு எருதுக்கு மட்டும் தீவனம் வெச்சு
ரெண்டையும் பூட்டறதுக்கு என்னால ஆகாதுங்கன்னேன்.
டீ சொன்னாரு.
ரெண்டு நாள் ஊரே பரிசல்ல போச்சு.

புதுசு வந்த அன்னைக்கு மழை தூறிட்டே இருந்துச்சு.
குடையை என் மச்சான் சின்னானைப் பிடிக்கச் சொல்லிட்டு
இடைவெளிக்குள்ள தகட்டை விட்டுப் பாத்தேன். ஒரு மில்லி.
ஒண்ணு கொஞ்சம் இறுக்கம்,
நகத்தால தூக்கற மாதிரி தூக்கினேன்.
குழியைத் துணியால ரெண்டு தடவை தொடைச்சேன்.
அலுமினியத் தலை. மரை ஏறுமாறாப் பூந்துட்டா
அதுக்கப்பறம் படகு வெறும் தொட்டி.
அதனால முதல்ல இடப்பக்கம் திருப்பினேன்,
மரை மரையைக் கண்டுபிடிச்சு
'டக்'குனு சொல்ற வரைக்கும்.
பொறகு வலப்பக்கம், வெரலாலேயே, கடைசி வரைக்கும்.
ஸ்பேனர்ல அரைச் சுத்து.
இன்னும் ஒரு இழுப்புன்னு கை கெஞ்சும்.
கை பேச்சைக் கேக்கக்கூடாது.

ஒண்ணு சொல்லணும்.
பெட்ரோல்ல ஆயிலைக் கூட ஊத்தினது நான்தான்.
இஞ்சின் காஞ்சுபோயிருமோன்னு ஒரு பயம்,
அளவுக் குப்பிக்கு மேல ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி.
சின்னான்கிட்டக்கூடச் சொல்லலை.

மூணாவது இழுப்புல பத்திக்கிச்சு.
ரெண்டு கொரலும் சேந்து ஒரே கொரலா.

ஏழு நிமிஷத்துல அக்கரை.
பஸ்ஸு இன்னும் வந்திருக்கலை.
நெழல் இல்லாத கரையில அத்தனை பேரும் நின்னாங்க.
பொங்கியண்ணன் ஒன்பது தாரையும் எறக்கி அடுக்கிட்டு
என்னைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு.
பால்கேன் மேல உக்காந்துட்டே மாராத்தா வஞ்சுது:
"நடுத்தண்ணியில சித்தெ கண்ணசருவேன்,
அதையும் புடுங்கிக்கிட்டீங்களே ஏனுங்க."